பதினேழாம் தாள்

மார்ச் 4

தம்பிக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ கத்துவாய், நாலாவதில் நான் வைத்துவிடுவேன். நான் அப்பாவின் கம்பெனியை விட்டு இந்த ஊருக்கு வந்த எட்டு மாதமாக அதுதான் நடக்கிறது. காகிதத்தை நீ குறுக்கே பேசி அடக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கிழிப்பதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நேற்று மகப்பேறு மருத்துவமனை டெண்டரைப் பிரித்தபோது நானும் அந்தக் கூடத்தில் இருந்தேன். நீ பார்த்தாய். பார்க்காத மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாய். கமிட்டித் தலைவி அம்மா ஐந்து உறைகளையும் பிரித்து ஒவ்வொரு கம்பெனியும் போட்டிருந்த அளவுகளை வரிசையாகப் படித்தார். அஸ்திவாரக் கான்கிரீட்டுக்கு ஒருவர் நானூற்று எண்பத்திரண்டு கன மீட்டர், ஒருவர் நானூற்று எழுபத்தெட்டு, நான் இப்போதைய கம்பெனிக்கு அளந்து கொடுத்தது நானூற்று எண்பது, இன்னொருவர் நானூற்றுத் தொண்ணூறு. கடைசியில் உன்னுடையது. இருநூற்றுப் பதின்மூன்று.

கூடம் சலசலத்தது. என் முதலாளி என் காதருகே, "உங்க தம்பி ஏதோ புது டெக்னிக் கண்டுபிடிச்சிருக்காரு போல," என்றார். மொத்தத் தொகையும் உன்னுடையதே குறைவு, வேலை உனக்கு என்றார்கள். நீ காலரைச் சரிசெய்துகொண்டாய்.

நான் அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். இருநூற்றுப் பதின்மூன்று என்பது நானூற்று எண்பதில், ஒன்பதில் நான்கு பங்கு. நீளமும் அகலமும் மூன்றில் இரண்டாகச் சுருங்கினால் பரப்பு அப்படித்தான் சுருங்கும். அளக்க வேண்டிய வரைபடத் தாள்கள் எல்லாம் ஒன்றுக்கு நூறு ஸ்கேலில் இருக்கின்றன, தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் கட்டடத்தில் நூறு. பதினேழாம் தாள் மட்டும் ஒன்றுக்கு நூற்றைம்பது. அஸ்திவாரத்தோடு சுற்றுக் கால்வாயையும் அதே தாளில் அடக்க வேண்டியிருந்ததால் சின்னதாக வரைந்திருக்கிறார்கள். நீ சாஃப்ட்வேரில் முதல் தாளுக்கு ஸ்கேலை வைத்துவிட்டு, 'எல்லாத் தாளுக்கும்' என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாய். சாஃப்ட்வேர் சொன்ன பேச்சைக் கேட்டது. நாற்பது மீட்டரை இருபத்தாறரைக்குக் கொஞ்சம் மேல் என்று படித்தது.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உனக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. தாளைத் திறந்து பார். விலகிக்கொள்.

நான் உள்ளுக்குள் சிரித்திருப்பேன் என்று நினைப்பாய். உண்மைதான். ஒரு நிமிஷம் சிரித்தேன். அப்புறம் முடியவில்லை.

அக்கா

—

மார்ச் 7

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. மாமாவுக்கும் படித்துக் காட்டினேன்.

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ விலகினா வேலை யாருக்குப் போகும்?" இரண்டாவதாக வந்தது உன் முதலாளி. இதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டுமா? நான் சின்னப் பிள்ளையா?

உன் அக்கறையை நான் மறக்கவில்லை அக்கா. போன வருஷம் மாணவர் விடுதி டெண்டரில் "கொஞ்சம் குறைச்சுக்க, நாம ஜெயிக்கணும்" என்று கெஞ்சினேன். "அளந்தது அளந்ததுதான்" என்றாய். வேலை போயிற்று. நாற்பது பேர் மூன்று மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தது நான். நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய்.

நீ போனால் கம்பெனி படுத்துவிடும் என்று நினைத்தாய் அல்லவா? நீ விட்டுப்போன அதே சாஃப்ட்வேரை நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நீ ஒரு வாரம் முக்கி முனகி அளப்பதை நான் இரண்டே நாளில் அளந்தேன். நாற்பத்தாறு தாள்! கஷ்டமே இல்லை. இதற்குத்தான் இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு "தொந்தரவு பண்ணாதீங்க" என்று பலகை மாட்டினாயா?

மற்ற நாலு பேரும் அளந்தது ஒத்துப்போகிறது என்கிறாய். ஆளுக்கு ஆள் பேசி வைத்துக்கொண்டு போட்டிருப்பார்கள். இந்தத் தொழிலில் நடக்காததா?

உன் முதலாளிக்கே போன் போட்டேன். "உங்க எஸ்டிமேட்டரை வச்சு என்னை மிரட்டாதீங்க. ஜெயிச்சா ஜெயிச்சதுதான்," என்று சொல்லிவிட்டேன். அவருக்கு உடனே பேச்சு வரவில்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பதினான்காம் தேதி கையெழுத்து. வந்து கைதட்டு.

தம்பி

—

மார்ச் 9

தம்பிக்கு,

அவருக்குப் பேச்சு வராததற்குக் காரணம், நான் உனக்கு எழுதியதே அவருக்குத் தெரியாது. நீ சொல்லித்தான் தெரியும். வாழ்த்துகள்.

அன்று மத்தியானமே கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தம்பிக்கு லெட்டர் போட்டீங்களா?"

"போட்டேன்."

"நாம மிரட்டறோம்னு அவன் போன்ல கத்தறான். கமிட்டி காதுக்குப் போனா நம்ம பேரும் கெடும். அது புரியுதா உங்களுக்கு?"

"புரியுது. நம்ம அளவு எதையும் நான் சொல்லலை சார். கூடத்துல எல்லாருக்கும் சத்தமா படிச்ச நம்பர்தான். எல்லார்கிட்டயும் இருக்கிற தாள்தான்."

"நீங்க யார் பக்கம்?"

"பதினேழாம் தாள் பக்கம்."

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் வாயில் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது என் வாடகை அறையில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அழவில்லை. நீ அப்படிக் கற்பனை செய்துகொள்ளாதே. கோபத்தில் இரண்டு அலமாரியைத் துடைத்துச் சுத்தம் செய்தேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன் என்கிறாயே, அதற்கு முந்தின வாரம் நடந்ததை ஏன் எழுதவில்லை? விடுதி வேலை போன மறுநாள், எல்லா ஆட்களுக்கும் முன்னால், "இது கம்ப்யூட்டர் விளையாட்டு, வேலை இல்லை," என்றாய். திங்கட்கிழமை வந்து பார்த்தால் என் மேஜை ஸ்டோர் ரூமில், சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. கீபோர்டைத் தட்டினால் புழுதி பறந்தது. நான் ஓடிப்போகவில்லை. நீ தூக்கி வைத்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாளில் அளந்தேன் என்று பெருமைப்படுகிறாய். மூலைக்கு மூலை சொடுக்கினால் நீளமும் பரப்பும் தானாக வரும், அதற்கு இரண்டு நாள் போதும். மிச்ச நாளெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு தாளிலும், வரைந்தவர் கையால் எழுதிய ஒரு நீளத்தைத் தேடிப் பிடித்து, திரை காட்டுவதும் அதுவும் ஒன்றுதானா என்று பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும். அதற்குத்தான் கதவைச் சாத்தினேன்.

என்னை நம்ப வேண்டாம். உன் கணக்கை நீயே நம்பு. தரைத்தளச் சுவரின் நீளம் உன் கணக்கிலேயே முப்பத்தெட்டு மீட்டர் வந்திருக்கும். அதைத் தாங்கும் அஸ்திவாரம் உன் கணக்கில் எத்தனை மீட்டர் என்று பார். பார்த்துவிட்டு மாமாவுக்கும் படித்துக் காட்டு.

அக்கா

—

மார்ச் 11

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகத் திரைக்குப் போகவில்லை. வீம்பு. சைட்டுக்குப் போனேன். திரை பொய் சொல்லும், மண் சொல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேஸ்திரியையும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய், தரைத்தளச் சுவருக்கு வெள்ளைப் பொடியில் கோடு போடச் சொன்னேன். அப்புறம் என் கணக்கில் வந்த அஸ்திவாரத்துக்கு நானே கயிறு கட்டினேன். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தால் மேஸ்திரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தம்பி. மிச்சக் கட்டடம் எங்க நிக்கப் போகுதுன்னு பாக்கறேன்."

கயிற்றுக்கு வெளியே பதினோரு மீட்டருக்கு மேல் கட்டடம் அந்தரத்தில் நின்றது, அக்கா. பிரசவ அறை முழுக்க வெளியே. மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் தேவலை.

திரும்பி வந்து பதினேழாம் தாளைத் திறந்தேன். கீழ் மூலையில் நூற்றைம்பது என்று எழுதியிருக்கிறது. எறும்பு அளவு எழுத்துகூட இல்லை, நன்றாகப் பெரிதாகவே இருக்கிறது. நான் அந்த மூலைப் பக்கமே போகவில்லை.

உன் வேலை போனது என்னால்தான். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "இப்ப விலகினா டெபாசிட்டும் போச்சு, பேரும் போச்சு. கையெழுத்தைப் போடு. அஸ்திவாரத்துல அறுபது சென்டிமீட்டர் கனத்தை நாப்பதாக்கு. கம்பியில கொஞ்சம் கை வை. மண்ணுக்குள்ள போறத எவன் தோண்டிப் பாக்கப் போறான்?" என்றார். கம்பெனியில் பாதி அவருடையது.

நாற்பது பேர் அக்கா. இந்த வேலை வரும் என்று சொல்லித்தான் அவர்களை மற்ற சைட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். நாற்பது வேண்டாம், ஐம்பது சென்டிமீட்டர் என்றால்? தாங்குமா? ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்லேன். உன்னைத் தவிர யாரையும் கேட்க முடியாது.

தம்பி

—

மார்ச் 12

முடியாது.

ஐம்பது முடியாது. ஐம்பத்தொன்பது முடியாது. போட்டும் பார்க்க மாட்டேன். என் கையால் அந்தக் கணக்கு வராது.

அந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டில்கள் வரும். முதல் மாடியில் மட்டும் இருபத்துநான்கு கட்டில். பதினொன்றாம் தாளில் எண்ணியிருக்கிறேன். எழுந்து ஓட முடியாத நிலையில் இருப்பவர்கள்தான் அதில் படுப்பார்கள். இதை நீ மேஸ்திரியிடம் சொல்லிப் பார். ஆட்களிடம் சொல். "உங்களுக்கு வேலை தர்றேன், ஆனா கனத்தைக் குறைச்சுப் போடணும்," என்று நாற்பது பேர் முகத்தையும் பார்த்துச் சொல். அவர்கள் முகத்தைப் பார்த்தது நான் என்று எழுதினாயே, இதையும் பார்.

நீ கையெழுத்துப் போட்டால் நான் முதல் பஸ் பிடித்து வந்து, கமிட்டித் தலைவியின் மேஜையில் பதினேழாம் தாளை விரித்து வைப்பேன். தம்பி என்று பார்க்க மாட்டேன். அக்கா முன்கூட்டியே சொல்லவில்லை என்று அப்புறம் சொல்லாதே.

வேலை போனதற்கு வருத்தப்படாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதை நீ பார்.

அக்கா

—

மார்ச் 16

அக்காவுக்கு,

நீ பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

பதின்மூன்றாம் தேதி காலையில் ஆட்களை எல்லாம் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். மாமாவின் யோசனையையும் சொன்னேன். கம்பி கட்டுகிறவர், அதுதான் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுவாரே, அவர் எழுந்தார். "என் மருமக அங்கதான் பிரசவத்துக்குப் போவா," என்றார். உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் கூட்டம்.

மறுநாள் கூடத்துக்குப் போனேன். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினார்கள். வாங்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "அஸ்திவார அளவு தப்பு. ஸ்கேல் மாத்தாம அளந்துட்டேன். இந்த அளவுக்கு இந்தக் கட்டடத்தைக் கட்ட முடியாது. குறைச்சுக் கட்டவும் மாட்டேன். விலகிக்கறேன்."

குரல் நடுங்கும் என்று நினைத்தேன். கோபம் வந்தால் குரல் நடுங்காது என்று தெரிந்துகொண்டேன். யார் மேல் கோபம் என்று மட்டும் தெரியவில்லை.

தலைவி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கலை. எங்க அக்கா. நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ளயே கண்டுபிடிச்சுட்டாங்க."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

டெபாசிட் போயிற்று. ஒரு வருஷத்துக்கு அவர்கள் டெண்டர் எதிலும் நான் கலந்துகொள்ள முடியாது. மாமா தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "அக்காளும் தம்பியும் சேர்ந்து கம்பெனிக்குக் குழி தோண்டிட்டீங்க," என்றார். "அளந்து தோண்டினோம் மாமா," என்றேன். முப்பத்தொன்பது வயதில் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். பதினைந்து பேர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள், நானே சொல்லி அனுப்பினேன். மேஸ்திரி போக மறுத்துவிட்டார்.

அக்கா, வந்துவிடு. உன் மேஜையை முன் அறையில் ஜன்னல் பக்கம் போட்டுவிட்டேன். அன்று ஆட்கள் முன்னால் சொன்னது தப்பு என்று அதே ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டேன். நீ வந்தால் இன்னொரு தடவையும் சொல்கிறேன்.

தம்பி

—

மார்ச் 21

தம்பிக்கு,

மூன்று தடவை படித்தேன். பக்கத்து அறைப் பெண்ணுக்கும் ஒரு தடவை படித்துக் காட்டினேன். "இவரா உங்களைத் துரத்தினது?" என்று கேட்டாள். "இவனேதான்," என்றேன்.

வரமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. முந்தாநாள் என் பழைய முதலாளியும் கூப்பிட்டார். நீ விலகியதும் மருத்துவமனை வேலை அவருக்கு வந்துவிட்டது. "நீங்கதானே அளந்தீங்க, நீங்களே வந்து கூட இருந்து முடிச்சுக் குடுங்க. நடந்ததை மறந்துடலாம்," என்றார்.

"நான் மறக்கலை சார். அளவு சரியாத்தான் இருக்கு, தைரியமா கட்டுங்க. நான் வரலை."

"திமிரா பேசறீங்க."

"ஆமா."

உன்னிடமும் அதே பதில்தான், கொஞ்சம் மரியாதையாக. உன் கம்பெனியில் நான் உட்கார்ந்தால், இன்னும் இரண்டு வருஷத்தில் ஒரு டெண்டர் வரும், கொஞ்சம் குறை என்பாய், நான் முறைப்பேன், மேஜை மறுபடி நகரும். உன்னைக் குறை சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவர் "முடியாது" என்றால் அது திமிர். வெளியில் இருந்து சொன்னால் அது தொழில்.

கடைத்தெருவில் ஒரு தையல்கடைக்கு மேலே அறை எடுத்திருக்கிறேன். இரண்டு திரை, ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். கீழே தையல் மெஷின் ஓடினால் என் மேஜை லேசாக ஆடுகிறது, பழகிவிட்டது. 'கட்டட வரைபட அளவுகள் எடுத்துத் தரப்படும்' என்று பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன். கூடத்தில் நீ சொன்னது எப்படியோ பரவி, மூன்று சின்னக் கான்ட்ராக்டர்கள் தாள்களை அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர், "தம்பியையே விடாத அக்கா நீங்கதானே?" என்று கேட்டார். பலகையில் அதையே போட்டிருக்கலாம்.

இன்னொன்று. இதை எழுத எனக்கு இஷ்டமில்லை. உன் கடிதத்துக்குப் பிறகு எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. விடுதி வரைபடத்தைப் போன வாரம் மறுபடி அளந்தேன். படிக்கட்டை இரண்டு தடவை சேர்த்திருக்கிறேன். சின்ன அளவுதான், அதனால் வேலை போகவில்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் "அளந்தது அளந்ததுதான்" என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அன்று நீ "இன்னொரு தடவை பார்" என்று கேட்டாய். நான் பார்க்கவில்லை. அது என் தப்பு.

அக்கா

—

ஏப்ரல் 10

மதிப்பிற்குரிய எஸ்டிமேட்டர் அம்மா அவர்களுக்கு,

வரமாட்டாய் என்று மேஸ்திரி முன்பே சொன்னார். எனக்குத்தான் நப்பாசை.

படிக்கட்டு விஷயத்தை மேஸ்திரியிடம் சொன்னேன். ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். நானும்தான். ஒளிப்பானேன்.

ஒரு பல் டாக்டர் தன் வீட்டுக்கு மேலே மாடி எடுத்துக் கிளினிக் கட்டுகிறார். தனியார் வேலை, எனக்குத் தடை இல்லை. சின்ன வேலைதான், பன்னிரண்டு பேருக்கு நாலு மாதம் ஓடும். எட்டுத் தாள் இணைத்திருக்கிறேன். நானே அளந்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு தாளிலும் ஸ்கேல் பார்த்தேன், எழுதிய நீளத்தோடு ஒப்பிட்டேன். என் கணக்கை அனுப்பமாட்டேன். நீ தனியாக அளந்து அனுப்பு. இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே சண்டை போடுவோம்.

மற்றவர்களுக்கு என்ன கட்டணமோ எனக்கும் அதுவே. குறைத்தால் கோபப்படுவேன்.

டாக்டர் அவசரப்படுத்துகிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

தம்பி

—

ஏப்ரல் 12

தம்பிக்கு,

எட்டுத் தாளும் கிடைத்தன. ஏழு தாளை அளந்துவிட்டேன். ஐந்தாம் தாளைத் தொடவில்லை.

அதில் எக்ஸ்ரே அறைச் சுவரை இரட்டைக் கோடாக வரைந்திருக்கிறார்கள், கனம் எழுதவில்லை. அது சாதாரணச் சுவரா, கதிர் வெளியே போகாமல் தடுக்கும் தடிமனான சுவரா என்று தெரியவில்லை. கோட்டை வைத்து நான் ஊகிக்க மாட்டேன். நீ ஊகித்து ஒரு எண் போட்டிருப்பாய், அதை இப்போதே அழி. வரைந்தவரிடம் கேட்டு, அவர் கையால் தாளிலேயே எழுதி வாங்கி அனுப்பு.

வெள்ளிக்கிழமை ஆகாது. அவசரம் என்றால் டாக்டரை என்னிடம் பேசச் சொல்.

அக்கா